கச்சேரிக் கப்பலில் பிரயாணியின் பாத்தியதை

சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சென்றடைந்த 'ராஜூலா' கப்பலைக் கண்ணால் கண்ட முதியவர்கள் இன்றும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். 1926-ஆம் ஆண்டு முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் வங்காள விரிகுடாவைக் கடந்துகொண்டிருந்த அந்தக் கப்பலிலும், அதன்பின் அதே வழியில் ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' கப்பலிலும் ஏறியவர்கள், பிழைப்பை நாடியோ, பந்துக்களைக் காணவோ, வியாபாரத்தை முன்னிட்டோ ஏறினார்களேயன்றி, கடல்மேல் நாலு நாள் களித்திருந்துவிட்டுப் புறப்பட்ட துறைக்கே திரும்பிவரவேண்டும் என்ற எண்ணத்தோடு ஏறியவர்கள் அரியர். 1985-இல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்துப் பலர் மாண்டதோடு அந்தப் பிரயாணிக் கப்பல் போக்குவரத்தும் முடிவுற்றது. நெடுங்காலத்துக்குப் பிறகு, 2022 ஜூன் மாதத்தில், உல்லாசக் கப்பல் ஒன்று சென்னையிலிருந்து புறப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைகளைத் தொட்டுத் திரும்பும் பிரயாணமும் தொடங்கிற்று. வசதியுள்ளவர்கள் விமானத்தில் சிங்கப்பூர் சென்று அங்கிருந்தும் கப்பலேறுகிறார்கள். பிழைப்புக்காகக் கடல் கடந்த ஒரு சமூகம் இன்று களிப்புக்காகக் கடலேறுகிறது. இது மகிழத்தக்க மாறுதலே.

இந்தக் கப்பல்களுக்குள் ஜனங்களை இழுக்கும் கவர்ச்சிகளில் சங்கீதம் முதன்மையானது. மேலைநாட்டில் சங்கீதத்துக்கென்றே முழுக் கப்பலையும் வாடகைக்கு எடுக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. ஜாஸ் ரசிகர்களுக்காக 2001 முதலும், கனத்த ராக் இசையின் அன்பர்களுக்காக 2011 முதலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையிலிருந்து அத்தகைய கப்பல்கள் புறப்பட்டு வருகின்றன. நம்மிடையே முழுக் கப்பலை எடுப்பவர் அரியர். ஒரு சங்கமோ, ஓய்வூதியர் குழுவோ, சில குடும்பங்களோ சேர்ந்து பதினைந்து இருபது கேபின்களைப் பிடித்துக்கொண்டு, மாலைதோறும் இன்னிசைக் கச்சேரி உண்டு என்ற உறுதியின் பேரில் போவதே வழக்கம். எப்படிப் போனாலும், பிரயாணி பணம் கொடுப்பது கடலுக்காக மட்டுமன்று, பாட்டுக்காகவும்தான். ஆனால் அவர் கையில் வந்து சேரும் பயணச்சீட்டின் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்தால், அவர் ஆசைப்பட்டு வாங்கிய அந்தப் பாட்டைப் பற்றி உறுதியான ஒரு வார்த்தையும் அதில் இருப்பதில்லை. இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான மனஸ்தாபங்கள் பிறக்கின்றன.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். நாற்பது அங்கத்தினர் கொண்ட ஒரு குழு. அதன் காரியதரிசி, பிரபல பாடகர் ஒருவரின் படம் அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தை விநியோகித்து, ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார். வசூலித்ததை ஒரு டிராவல் ஏஜெண்டிடம் கட்டுகிறார். ஏஜெண்ட் கப்பல் கம்பெனிக்குச் செலுத்துகிறார். பணம் மூன்று கைகளைக் கடந்துவிட்டது. பாடகர் வரவில்லை. கப்பல் கம்பெனியைக் கேட்டால், 'நாங்கள் தருவதாகச் சொன்னது கேபினும் ஆகாரமும் பிரயாணமும். கேளிக்கைகள் முன்னறிவிப்பின்றி மாறுதலுக்கு உட்பட்டவை என்று சீட்டில் அச்சிட்டிருக்கிறோம்' என்கிறார்கள். ஏஜெண்ட், 'பாடகரை ஏற்பாடு செய்தது நானல்லவே' என்கிறார். காரியதரிசியோ, 'நான் உங்களில் ஒருவன், பொதுக்காரியம் என்று எண்ணிச் செய்தேன்' என்று வருந்துகிறார். மூவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. நாற்பது பேருக்கும் நஷ்டமும் இருக்கிறது.

ஆகையால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே தெளிவாக்கிக்கொள்ள வேண்டியது, சங்கீதத்துக்குப் பொறுப்பாளி யார் என்பது. பாடகரை அமர்த்தியிருப்பது கப்பல் கம்பெனியா, ஏஜெண்டா, குழுவா? எத்தனை நாள் கச்சேரி, அனுமதி கட்டணத்தில் அடங்கியதா, தனிச்சீட்டு வாங்கவேண்டுமா? அவர் வராமற்போனால் ஈடாக யார் பாடுவார், அல்லது எவ்வளவு தொகை திரும்பக் கிடைக்கும்? இவற்றுக்கு வாய்மொழியாக வரும் பதில் காற்றோடு போகும். மின்னஞ்சலிலோ, கையொப்பமிட்ட காகிதத்திலோ பெறவேண்டும். அந்தத் துண்டுப் பிரசுரத்தையும், கைப்பேசியில் வந்த விளம்பரப் படத்தையும், பேச்சுவார்த்தைச் செய்திகளையும் ஊர் திரும்பி ஆறு மாதம் வரையிலாவது அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரத்தையும் சேவைக் குறைபாட்டையும் பிராது செய்யத்தக்க குறைகளாகவே கருதுகிறது. விளம்பரம் நம் கையில் இருந்தால் அதுவே முதற் சாட்சி. 'மாறுதலுக்கு உட்பட்டது' என்ற ஒரு வரி, நோய்வாய்ப்பட்ட பாடகருக்குப் பதில் மற்றொருவரைப் பாடவைக்க இடந்தரலாம். அமர்த்தவே படாத ஒருவரின் படத்தைப் போட்டுப் பணம் வாங்க அது அனுமதி தரமாட்டாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

குழுத் தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை. பல கப்பல் கம்பெனிகள், எட்டு கேபின்களில் பதினாறு பேர் என்ற அளவுக்கு ஒரு குழு சேர்ந்தால் ஒருவருக்கு இலவச இடம் தருகின்றன. நாற்பது பேர் குழுவுக்கு அப்படி இரண்டு இடங்கள் கிட்டலாம். இதில் தவறேதுமில்லை; பல வாரம் அலைந்து எல்லாருடைய கடவுச்சீட்டுப் பிரதியையும் சேகரித்து, பெயர் எழுத்துப் பிழை திருத்தி, உணவு விருப்பம் கேட்டுப் பாடுபடும் ஒருவர் அந்தச் சலுகையைப் பெறுவது நியாயமே. ஆனால் அது குழுவுக்குத் தெரிந்து பெற்றதாக இருக்கவேண்டும். பிறருக்காகப் பணத்தை வாங்கி நிர்வகிப்பவர், கேட்கும்போது முறையான கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு விதிக்கிறது. தாம் யாருக்காக ஒப்பந்தம் செய்கிறார் என்பதை வெளியிடாத முகவர், அந்த ஒப்பந்தத்துக்குத் தாமே பொறுப்பாளி என்று கருதப்படுவார் என்று அதே சட்டத்தின் 230-ஆம் பிரிவு கூறுகிறது. நண்பர் ஆயிற்றே என்ற கூச்சத்தால் கணக்குக் கேளாதிருந்து, பின்னால் நட்பையே இழந்தவர்கள் அநேகர். கணக்குக் கேட்பதை அவமதிப்பாக எண்ணுவது நம் சங்கங்களில் நெடுநாளாக இருந்துவரும் ஒரு குறை.

விலையின் விஷயத்துக்கு வருவோம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணும் தொகை, பெரும்பாலும் ஒரு கேபினில் இருவர் தங்கும்போது ஒருவருக்கு ஆகும் கட்டணம்; துணையின்றித் தனியாகப் போகும் விதவையரும் பிரம்மசாரிகளும் சில சமயம் ஏறக்குறைய இரட்டைக் கட்டணம் செலுத்த நேர்கிறது. அதற்குமேல் துறைமுகக் கட்டணங்கள், வரிகள், நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று சிப்பந்திகளுக்காகத் தானே கணக்கில் ஏறும் இனாம், இணைய வசதி, பானங்கள், தனி உணவுச்சாலைகள், கரையில் சுற்றிக்காட்டும் ஏற்பாடுகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. முதலில் ஒரு தொகையைக் காட்டிப் பிறகு துளித்துளியாகக் கூட்டுவதும், நாம் கேளாத சேவையை நம் பட்டியலில் நுழைப்பதும், 'இன்னும் இரண்டே கேபின்கள்' என்று பொய்யான அவசரம் காட்டுவதும், 2023 நவம்பர் 30-ஆம் தேதி வெளியான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளின்படி விலக்கப்பட்ட உபாயங்கள். குழுவாகப் போவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரத்துக் கட்டணம் புறப்படும் நாள் நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே போகும். இறுதிக் கட்டத்தில் சல்லிக்காசும் திரும்பாது. நாற்பதில் நால்வர் விலகினால் குழுவுக்கென்று தந்த சலுகை விலை எஞ்சியவர்களுக்கு நிலைக்குமா, கேபினில் தனித்து விடப்பட்டவர் கூடுதல் தொகை கொடுக்கவேண்டுமா, விலகியவருக்குப் பதில் வேறு பெயரைச் சேர்க்க எந்தத் தேதிவரை அவகாசம் என்பவற்றை அறியாமல் பெயர் கொடுக்கலாகாது.

சீட்டின் நிபந்தனைகளைப் படிப்பது ஏன் அவசியம் என்பதற்கு அமெரிக்க வழக்கு ஒன்று நல்ல சான்று. வாஷிங்டன் மாநிலத்தில் ஆர்லிங்டன் என்ற ஊரில் வாழ்ந்த ஒரு தம்பதி, உள்ளூர் ஏஜெண்டிடம் சீட்டு வாங்கி, லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து மெக்சிகோவுக்குச் சென்ற உல்லாசக் கப்பலில் பிரயாணம் செய்தார்கள். கப்பலின் சமையற்கட்டைச் சுற்றிப் பார்க்கையில் அந்த அம்மையார் தரை விரிப்பில் வழுக்கி விழுந்து காயமுற்றார். தம் மாநிலத்திலேயே வழக்குத் தொடுத்தார்கள். சீட்டின் நிபந்தனையோ, எந்த வியாஜ்ஜியமும் ஃபுளோரிடாவில்தான் நடக்கவேண்டும் என்றது; அதாவது, அந்தப் பெருநாட்டின் ஒரு மூலையிலிருந்து நேர் எதிர் மூலைக்குப் போகவேண்டும். உச்ச நீதிமன்றம் 1991-இல், சீட்டில் அச்சிட்ட அந்த வரி செல்லும் என்றே தீர்ப்பளித்தது. அன்று முதல் அத்தகைய வரியில்லாத கப்பல் சீட்டைக் காண்பதே அரிதாகிவிட்டது. அமெரிக்கக் கரையிலிருந்து புறப்படும் கப்பல்களின் சீட்டுகளில், காயம் பட்டால் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவித்து ஓராண்டுக்குள் வழக்குத் தொடுக்கவேண்டும் என்ற நிபந்தனையும் சாதாரணமாகக் காணப்படுகிறது. அந்நாட்டுச் சட்டம் அவ்வளவு குறுகிய கெடுவுக்கும் இடந்தருகிறது. அங்கே குடியேறியுள்ள மக்களைக் காணப்போய் அவர்களோடு கப்பலேறும் நம் பெற்றோர்கள் இதை மனத்தில் கொள்ளவேண்டும்.

நம் நாட்டின் நிலை அதைவிட ஆறுதலானது. இங்கே சேவையை வாங்கிய நுகர்வோர், தாம் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே பிராது கொடுக்கலாம் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. 'தகராறு எழுந்தால் மத்தியஸ்தரிடம்தான் போகவேண்டும்' என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், அது நுகர்வோர் மன்றத்தின் கதவை அடைத்துவிடாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிசெய்திருக்கிறது. செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை வழக்கு மாவட்ட ஆணையத்துக்கே உரியது. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வழக்கறிஞரை அமர்த்துவது கட்டாயமன்று. இணையம் வழியாகவே மனுவைத் தாக்கல் செய்யலாம். ஆணையம் அனுமதித்தால் வீடியோ வழியாகவே விசாரணையில் கலந்துகொள்ளலாம். ஒரே குறையுடைய பலருக்காக அவர்களில் ஒருவரோ சிலரோ ஆணையத்தின் அனுமதி பெற்று வழக்காடவும் 35-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. நம் உதாரணத்து நாற்பது பேரும் நாற்பது வழக்குகள் போடவேண்டியதில்லை. நிபந்தனையே அநியாயமானது, ஒருதலைப்பட்சமாக ஒப்பந்தத்தை முறிக்கவோ, அளவுக்கு மீறிய அபராதம் விதிக்கவோ இடங்கொடுப்பது என்று வாதிடவேண்டுமானால் அதற்கு மாநில ஆணையத்தை அணுகவேண்டும்.

ஆனால் வழக்கு முதற்படியன்று. குறை நேர்ந்த அன்றே, கப்பலிலேயே, விருந்தினர் உபசரிப்பு மேசையில் எழுத்து மூலம் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமோ மின்னஞ்சல் பதிலோ வாங்கிக்கொள்ள வேண்டும். ஊர் வந்த பிறகு சொல்லும் குறையைவிட, அன்று மாலை எழுதிய நான்கு வரிக்கு மதிப்பு அதிகம். திரும்பியபின் ஏஜெண்டுக்கும் கம்பெனிக்கும் அறிவிப்பு அனுப்பி, நியாயமான அவகாசம் தந்து, பதில் வராவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். பல தகராறுகள் அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. கிரெடிட் கார்டு மூலம் செலுத்தியவர்கள், தராத சேவைக்கான தொகையை மறுத்து வங்கியிடம் முறையிடவும் இடமுண்டு. இதற்குக் கெடு குறுகியது, தாமதிக்கலாகாது. தனிநபரின் சொந்தக் கணக்குக்குப் பணம் கட்டச் சொல்லும் ஏஜெண்டை ஆரம்பத்திலேயே விலக்கிவிடுவது விவேகம். போலிச் சீட்டு என்று தெரியவந்தால் அது வியாஜ்ஜியமன்று, மோசடி. அந்த நாழிகையே 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் பிரிவுக்குத் தெரிவித்தால் பணம் கைமாறிப் போவதைத் தடுக்கும் வாய்ப்பு இருக்கிறது.

ஒரு துறையில் கப்பல் நிற்காமற்போனால் என்ன பரிகாரம் என்று பலர் கேட்கிறார்கள். புயலோ, துறைமுக நெருக்கடியோ காரணமானால், மாலுமித் தலைவர் தம் விவேகப்படி வழியை மாற்றலாம். பிரயாணிகளின் உயிருக்குப் பொறுப்பு அவருடையது, அந்த அதிகாரத்தைக் குறைகூறுவதற்கில்லை. அந்தத் துறைக்கென்று வசூலித்த கட்டணத்தையும் வரியையும் மட்டும் திரும்பக் கேட்கலாம். ஐரோப்பியத் துறைகளிலிருந்து கப்பலேறுவோருக்கு ஏதென்ஸ் உடன்படிக்கையின் பாதுகாப்பும் சேரும்: கப்பல் மூழ்குதல், மோதுதல், தீ போன்ற விபத்தில் உயிர்ச்சேதமோ காயமோ நேர்ந்தால், கம்பெனியின் தவறை நிரூபிக்காமலே குறிப்பிட்ட வரம்புவரை நஷ்ட ஈடு கோரலாம், வழக்குக்குக் கெடு இரண்டாண்டு. நகையும் ரொக்கமும் காணாமற்போனால், அவற்றைப் பத்திரப்படுத்தும்படி கப்பலிடம் ஒப்படைத்திருந்தால் ஒழியக் கம்பெனி பொறுப்பேற்காது என்பதும் அதே உடன்படிக்கையில் இருக்கிறது. கல்யாணத்துக்குப் போவதுபோல் நகை பூட்டிக்கொண்டு போகும் நம் பெண்மணிகளுக்கு இதைச் சொல்லியாகவேண்டும்.

கப்பலில் குற்றம் நிகழ்ந்தால் நிலைமை சிக்கலானது. பெருங்கடலில் ஓடும் கப்பல் எந்த நாட்டுக் கொடியைத் தாங்கியிருக்கிறதோ அந்த நாட்டின் சட்டமே அதில் செல்லும். உல்லாசக் கப்பல்களில் பல, பஹாமாஸ், பனாமா, மால்டா, பெர்முடா முதலிய கொடிகளைத் தாங்கி ஓடுகின்றன. சென்னையில் ஏறியதனாலேயே கப்பல் நம் நாட்டு மண் ஆகிவிடாது. நள்ளிரவு தாண்டியும் நடக்கும் ஆடல் பாடல்களில், மது தாராளமாகப் புழங்கும் கூட்டத்தில், பெண்களுக்கு அவமானம் நேர்ந்த வழக்குகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. அப்படி ஏதும் நேர்ந்தால் வெட்கி மறைக்கவேண்டாம் என்று என் சகோதரிகளை வேண்டிக்கொள்கிறேன். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் வைத்திருங்கள். கப்பலின் மருத்துவரிடம் பரிசோதித்துக் குறிப்பு வாங்குங்கள். காமிரா பதிவுகளை அழிக்கக்கூடாது என்று எழுத்து மூலம் கேளுங்கள். எந்தக் காகிதத்திலும் அவசரப்பட்டுக் கையொப்பமிடாதீர்கள். அடுத்த துறையில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள். குற்றம் செய்தவன் இந்தியக் குடிமகனாயின், அது உலகின் எந்த மூலையில் நடந்திருந்தாலும் நம் நாட்டுக் குற்றவியல் சட்டம் அவனைத் தொடரும். இந்த நாட்டில் எந்தக் காவல் நிலையமும், 'எங்கள் எல்லைக்குள் நடக்கவில்லை' என்று புகாரைத் தள்ளிவிட முடியாது.

நோயைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆயிரக்கணக்கானோர் ஒரே பந்தியில் உண்ணும் இடத்தில் வாந்திபேதி ஒருவரிடமிருந்து பலருக்குத் தாவும். அதற்குக் காரணமான நோரோ வைரஸுக்குக் கைகழுவும் சாராய திரவம் போதாது, சோப்பும் தண்ணீருமே சரி. 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்திவைக்கப்பட்ட 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலில் இருந்த 3,711 பேரில் 700-க்கு மேற்பட்டோருக்குக் கொரோனா தொற்றியதை நாம் மறந்திருக்க மாட்டோம். கப்பல் மருத்துவசாலை முதலுதவிக்கும் அவசரத்துக்கும் ஏற்றது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அது ஈடாகாது, கட்டணமும் அதிகம். கடல்நடுவிலிருந்து ஹெலிகாப்டரில் கரைசேர்க்கும் செலவைத் தாங்கும் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறோமா என்று பார்க்கவேண்டும். சாதாரண மருத்துவ பாலிசி அதைத் தராமற்போகலாம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்துகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டி கேபினுக்கு வந்துசேர இரவாகிவிடும். இருபத்துநான்கு வாரம் நிறைந்த கர்ப்பிணிகளைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதில்லை. சங்கீதத்தால் வரும் தொந்தரவும் ஒன்றுண்டு. அரங்குக்கு நேர் மேலோ கீழோ கேபின் அமைந்தால் நடுநிசிவரை உறக்கமிராது. மேலும் கீழும் கேபின்களே உள்ள தளத்தைக் கேட்டு வாங்கவேண்டும். இசையரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்திருக்கிறது. குழந்தைகளை ஒலிபெருக்கியின் அருகே உட்காரவைக்க வேண்டாம்.

பாட்டை வாங்குவோர் பாடுவோரையும் நினைக்கவேண்டும். 1912-இல் 'டைட்டானிக்' மூழ்கியபோது கடைசிவரை வாசித்துக்கொண்டிருந்து மாண்ட எட்டு வித்வான்களின் கதையை உலகம் அறியும். அவர்கள் லிவர்பூல் நகர ஏஜென்சி ஒன்றின் ஆட்களாக, இரண்டாம் வகுப்புப் பிரயாணிகள் என்ற கணக்கில் ஏறியிருந்தமையால், கப்பலின் சிப்பந்திகளல்லர் என்று சொல்லி அவர்கள் குடும்பத்தாருக்குத் தொழிலாளர் நஷ்ட ஈடு மறுக்கப்பட்டதை அறிந்தவர் சிலரே. இன்று 2013 முதல் அமலில் உள்ள கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பலில் வேலைக்கு அமர்த்தப்பட்டோருக்கு எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும், நாளில் பத்து மணி நேரத்துக்குக் குறையாத ஓய்வையும், ஊர் திரும்பும் உரிமையையும் அளிக்கிறது. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி அவர்களிடம் கமிஷன் பறிப்பதைத் தடுக்கிறது. கப்பலில் வாசிக்க அழைக்கப்படும் நம் இளைஞர்கள், அழைக்கும் முகவர் இந்தியக் கப்பல்துறைத் தலைமை இயக்ககத்தின் உரிமம் பெற்றவரா என்று விசாரித்துவிட்டே கடவுச்சீட்டைக் கொடுக்கவேண்டும்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி பணத்தையும் காகிதத்தையும் பற்றியது. உயிரைப் பற்றியது, ஏறிய முதல் நாளிலேயே வருகிறது. ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் அவரவருக்குக் குறித்த கூடுமிடத்துக்குப் போகவேண்டும் என்று காட்டிக்கொடுக்கும் அந்தப் பயிற்சியைப் பலர் தொந்தரவாக எண்ணுகிறார்கள். மேல்தளத்தில் வாத்திய கோஷ்டி தொடங்கிவிட்டது, படம் எடுக்கவேண்டும், பிள்ளைகளுக்குப் பசி என்று சாக்குச் சொல்கிறார்கள். 2012 ஜனவரி 13-ஆம் தேதி இரவு இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்த 'கோஸ்டா கான்கார்டியா' கப்பலில் 4,229 பேர் இருந்தார்கள். 32 பேர் மாண்டார்கள். அன்று மாலை சிவிட்டாவெக்கியாவில் ஏறிய சில நூறு பேருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை; இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அன்றைய விதி. குழந்தைகளுக்கு உயிர்காக்கும் அங்கி அணிவித்து உதவிய ஹங்கேரிய வயலின் வித்வான் ஒருவர், தம் வாத்தியத்தை எடுத்துவரக் கேபினுக்குத் திரும்பினார் என்றும், பிறகு உயிரோடு மீளவில்லை என்றும் அக்காலச் செய்திகள் தெரிவித்தன. அந்த விபத்துக்குப் பின் விதி திருத்தப்பட்டது: 2015 முதல், கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாகவேண்டும். இது நமக்காக 32 பேரின் உயிர் கொடுத்து வாங்கப்பட்ட விதி. அதை நடத்தாத கப்பலைக் கேள்வி கேட்பது நம் உரிமை. நடத்தும்போது ஒளிந்துகொள்ள நமக்கு உரிமையில்லை.

பாடுவோரை நினைக்க இன்னொரு காரணமும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கிழக்கு லண்டன் துறைமுகத்திலிருந்து 1991 ஆகஸ்டு 3-ஆம் தேதி கொந்தளிக்கும் கடலில் டர்பனை நோக்கிப் புறப்பட்ட 'ஓஷியானோஸ்' என்ற கிரேக்க உல்லாசக் கப்பலின் இயந்திர அறையில் அன்றிரவு தண்ணீர் புகுந்தது, விளக்குகள் அணைந்தன. அபாய அறிவிப்பு ஒன்றும் ஒலிக்கவில்லை. சிப்பந்திகளில் பலர் முதற் படகுகளிலேயே போய்விட்டார்கள். அந்தக் கப்பலில் கிதார் வாசிக்க அமர்த்தப்பட்டிருந்த மாஸ் ஹில்ஸ் என்பவரும் அவருடைய மனைவியும் மற்ற கலைஞர்களும், கூடத்தில் திரண்டிருந்த பிரயாணிகள் கலவரப்படாதிருக்கப் பாடி வாசித்தார்கள். பிறகு கீழ்த்தளத்தில் நீர் ஏறுவதைக் கண்டு, தாங்களே படகுகளில் ஜனங்களை ஏற்றி இறக்கினார்கள். மாலுமி மேடைக்குச் சென்று பார்த்தபோது அங்கே ஆளில்லை. ஹில்ஸ் ரேடியோக் கருவியை எடுத்து உதவி கேட்டார். விடிந்ததும் தென்னாப்பிரிக்க ஹெலிகாப்டர்கள் வந்தன. மேல்தளத்தில் எஞ்சியவர்களை ஒவ்வொருவராகக் கயிற்றில் கட்டி மேலேற்ற உதவியவர்களில் அந்தக் கலைஞர்களும் இருந்தார்கள். பிரயாணிகள் இன்னும் தளத்தில் காத்திருக்கையிலேயே மாலுமித் தலைவர் ஹெலிகாப்டரில் ஏறிப் போய்விட்டார்; கிரேக்க விசாரணைக் குழு பின்னர் அவரையும் நான்கு அதிகாரிகளையும் கடமை தவறியவர்கள் என்று முடிவு செய்தது. ஆகஸ்டு 4-ஆம் தேதி பிற்பகலில் கப்பல் கடலில் அமிழ்ந்தது. அதில் இருந்த 571 பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள்.